நம்மை அதிகம் பாடாய்ப் படுத்துவது அரசியல் முழக்கமே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், டர்பனின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்மை அன்றாடம் அதிகம் படுத்துவது ஏமாற்றுக் குறுஞ்செய்தியா, அரசியல் முழக்கமா? முழக்கம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு ஆயாவின் கதையைச் சொன்னார். "உங்கள் உதவித்தொகை நிறுத்தப்பட்டது, இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று போனில் வந்ததை நம்பி, மாதப் பணம் முழுவதையும் பறிகொடுத்தவர். கேட்கும்போது எனக்கும் வயிறு எரிந்தது. அந்த வேதனையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்த ஆயாவுக்குத் தான் ஏமாந்தது தெரியும். எவ்வளவு போனது என்றும் தெரியும். பேங்கில் சொல்லலாம், போலீசில் புகார் கொடுக்கலாம். நம் தென்னாப்பிரிக்காவில் 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து சைபர் குற்றச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நம் சம்மதம் இல்லாமல் விளம்பரம் அனுப்பினால் முறையிடத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரி, முழக்கத்தால் ஏமாந்தவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? தான் ஏமாந்தது அவருக்கு முதலில் எப்படித் தெரியும்?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். இதில் குறுஞ்செய்தியும் முழக்கமும் ஒன்றாகவே வந்தன. அன்றைய அதிபர் ஜேக்கப் சூமாவின் என்காண்ட்லா வீட்டுக்கு அரசுப் பணம் செலவானதைப் பற்றி, அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் பதவியில் இருந்த துலி மடொன்சேலா 2014 மார்ச் 19 அன்று அறிக்கை வெளியிட்டார். 400 பக்கத்துக்கு மேல். மறுநாளே எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணி, "சூமா உங்கள் பணத்தைத் திருடினார் என்று அறிக்கை காட்டுகிறது" என்ற பொருளில், கௌட்டெங் மாகாணத்தில் 15 லட்சம் வாக்காளர்களுக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பியது. 400 பக்கம் ஒரு வரியானது. ஆளுங்கட்சி வழக்குப் போட்டது. கடைசியில் 2015 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் ஜனநாயகக் கூட்டணியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். அரசியல் பேச்சின் கழுத்தைச் சட்டம் பிடிக்கக் கூடாது. ஆனால் அதற்கு என்ன பொருள்? முழக்கத்திலிருந்து நம்மைக் காப்பாற்ற எந்தக் கோர்ட்டும் வராது.

இப்போது அந்த அறிக்கையைப் பாருங்கள். நீச்சல் குளம், மாட்டுப்பட்டி, கோழிக்கூடு, விருந்தினர் கூடம், அரங்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது பாதுகாப்புக்குத் தேவையா இல்லையா என்று அது கேட்டது. தேவையில்லாதவற்றின் செலவில் நியாயமான ஒரு பங்கை சூமா திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. அதே ஜனநாயகக் கூட்டணியும் இன்னொரு கட்சியும் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயின. 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டே 78 லட்சம் ராண்ட் கட்டப்பட்டது. பணத்தைத் திரும்ப வாங்கித் தந்தது கோழிக்கூட்டைக்கூட விடாமல் கணக்குப் பார்த்த அறிக்கை. அந்த ஒரு வரி ஒரு காசு திருப்பித் தரவில்லை.

டொங்காட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டது. அப்புறம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. கேனும் பக்கெட்டுமாக லாரிக்குக் காத்திருந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. நம் மாநகராட்சி வாங்கி அனுப்புகிற தண்ணீரில் பாதிக்கு மேல் வருமானமே தராமல் போகிறது. குழாய் பழசு, கசிவு அதிகம், திருட்டு இணைப்பு ஒரு பக்கம், வசூலாகாத பில் இன்னொரு பக்கம். இதில் எதையாவது தேர்தல் நேரத்துப் போஸ்டரில் பார்த்தீர்களா? விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு சிரித்த முகம், கீழே மூன்று சொல். தண்ணீர் தருவோம், வேலை தருவோம், நாட்டைக் காப்போம். எப்படி என்று கம்பத்திடமா கேட்பது? பில்லைக் கட்டிவிட்டு வறண்ட குழாய் முன்னால் நிற்கிறவருக்கு அந்த மூன்று சொல்லைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

எரிச்சலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 1948 தேர்தலில் வெள்ளையர்களின் தேசியக் கட்சி "கறுப்பு ஆபத்து" என்று பயமுறுத்தி ஓட்டுக் கேட்டு ஆட்சிக்கு வந்தது. 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம். இதே டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்த நம் இந்தியக் குடும்பங்கள் பிடுங்கப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் நடப்பட்டன. இன்றைக்கு மருத்துவமனையில் மருந்து இல்லையா, "வெளிநாட்டவரே வெளியேறு" என்கிறார்கள். 2008-இல் அந்தக் கோபத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். 1860-இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கூச்சலில் நம் குரல் சேரவே கூடாது.

முழக்கம் இல்லாமல் விடுதலை வந்திருக்குமா என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. "மக்களே ஆள்வார்கள்" என்ற முழக்கத்தை நானும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது? நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்கள் ஊர் ஊராகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று மக்களிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். நிலம், வீடு, கூலி, படிப்பு என்று வந்ததை எல்லாம் தொகுத்து, 1955 ஜூனில் ஜோஹானஸ்பர்க் பக்கத்து க்ளிப்டவுனில் சுதந்திர சாசனமாக நிறைவேற்றினார்கள். அந்த வரியைத் தூக்கினால் கீழே ஒரு முழுத் திட்டம் இருந்தது. நான் எதிர்ப்பது தூக்கினால் கீழே ஒன்றுமில்லாத முழக்கத்தை.

குறுஞ்செய்தியை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். முழக்கத்தை நம்பாதவரும் அதன் ஆட்சியில் ஐந்து வருடம் வாழ வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன். அடுத்த நகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரை உட்கார வைத்து டீ கொடுங்கள். எந்தத் தெருவில் குழாய் மாற்றப் போகிறீர்கள், எந்த ஆண்டுக்குள், அதற்குப் பணம் எங்கிருந்து என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். வணக்கம்.