அட்டையில் ஒரு வெனிஸ்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச வந்திருப்பது ஒரு சின்ன ஓவியத்தைப் பற்றி. அகலம் சுமார் 45 சென்டிமீட்டர், உயரம் 35. கான்வாஸ்கூட இல்லை, அட்டையில் தீட்டியது. வெனிஸின் கிராண்ட் கால்வாய், ரியால்டோ பாலம் இருக்கும் திசையைப் பார்த்தபடி. தீட்டியவர் ரிச்சர்ட் பார்க்ஸ் பானிங்டன் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1826. அப்போது அவருக்கு வயது 23.

சிறு வயதிலேயே குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவர். பாரிசில் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவும் அவரும் கொஞ்ச காலம் ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்தார்கள். அப்புறம் சார்ல் ரிவே என்ற நண்பரோடு இத்தாலிப் பயணம். வழியெல்லாம் பானிங்டனுக்கு வெனிஸ் நினைப்புதான். அங்கே தங்கியதோ சுமார் ஒரு மாதம்.

எண்ணெய் வண்ணத்தை வெளியூருக்குத் தூக்கிப் போவது அப்போது லேசான காரியமில்லை. பிதுக்கி எடுக்கும் வண்ணக் குழாய் 1841-ல்தான் வந்தது. அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டி வைப்பார்கள். வேண்டும்போது ஊசியால் குத்திப் பிதுக்குவார்கள். பயணம் போகும் ஓவியர்கள் பலர் பென்சிலும் நீர்வண்ணமுமே போதும் என்று இருந்ததில் ஆச்சரியமில்லை. நீர்வண்ணத்தில் பானிங்டன் பெரிய கைகாரர். அந்த லேசான கையை எண்ணெய் வண்ணத்துக்கும் கொண்டுவந்தார். அதுதான் அவருடைய சாதனை என்பேன்.

படத்தின் தண்ணீரைப் பாருங்கள். படுக்கைவாட்டில் சில இழுப்புகள், அவ்வளவுதான். மாளிகைகளின் ஜன்னல்கள் வெறும் பொட்டுகள். ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே கால்வாயைத் தீட்டிய கானலெட்டோ ஒவ்வொரு ஜன்னலையும் எண்ணி வைத்திருப்பார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அன்றைய காற்றும் வெளிச்சமும் எப்படி இருந்தன என்று எனக்குச் சொல்வது பானிங்டனின் அட்டைதான்.

ஊர் திரும்பியதும் வெனிஸைப் பெரிய படங்களாகவும் தீட்டினார். 1828-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். நல்ல படங்கள்தான். ஆனாலும் கண்காட்சிக்கென்று தீட்டியதில் ஒரு அடக்கம் வந்துவிடுகிறது, தனக்கென்று தீட்டியதில் அது இல்லை. ஆங்கிலேய ஓவியர் டர்னர் தன் முதல் வெனிஸ் எண்ணெய் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்ததே 1833-ல்தான். அதைப் பார்க்க பானிங்டன் இல்லை. 1828 செப்டம்பரிலேயே காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. 26 வயதுகூட நிரம்பவில்லை. மறு ஆண்டே அவர் ஸ்டூடியோவில் இருந்தவை ஏலத்துக்குப் போயின.

இந்த அட்டை இப்போது அமெரிக்காவில், ஃபோர்ட் வொர்த் நகரின் கிம்பெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், தூரிகை போன தடம் ஒவ்வொன்றும் தெரியும்.