நிற்கும்போதே முடிவெடுங்கள், குனிந்தால் அடி மட்டும்

வணக்கம் மக்களே. இன்று கேமராவை மேசைக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கே வைத்திருக்கிறேன், பந்தை விட என் காலையும் தலையையும் கவனியுங்கள்.

போன வாரம் பூல் மேசையில் ஓர் எட்டுப்பந்து ஆட்டம். என் ஏழு பந்தையும் போட்டாச்சு, கறுப்பு மட்டும் பாக்கி, மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. அதைத் தவறவிட்டேன். ராத்திரி வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: முந்தைய ஏழு பந்துக்கும் பின்னால் நின்று பந்து போக வேண்டிய கோட்டைப் பார்த்திருக்கிறேன், கறுப்புக்கு மட்டும் நடந்து வந்த வேகத்திலேயே குனிந்திருக்கிறேன். கஷ்டமான ஷாட்டுக்குத் தானாக வரும் நிதானம், சுலபமான ஷாட்டுக்கு நாமாகக் கொண்டுவந்தால்தான் வரும்.

அதனால் இப்போது ஒவ்வொரு பந்துக்கும் ஒரே வரிசைதான். கியூ, அதாவது ஆடும் கோலின் நுனிக்குச் சாக் போடும்போது மேசையைப் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்கிறேன்: எந்தப் பாக்கெட், நாம் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், அதற்கு ஸ்டாப்பா (மோதிய இடத்தில் நிற்பது) ஃபாலோவா (மோதியபின் முன்னால் போவது) டிராவா (பின்னால் திரும்பி வருவது), எவ்வளவு வேகம். அப்புறம் கோட்டின் மேல் வலது காலை வைத்து, அந்தக் கோட்டிலேயே தலையை இறக்குகிறேன். மூன்று முறை கியூவை ஆட்டி, பின்னால் இழுத்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, கண்ணை அடிபடப் போகும் பந்தில் ஊன்றி, அடி. பந்து விழும் சத்தம் கேட்கும் வரை தலையைத் தூக்குவதில்லை. கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சிரமம் உண்டு, அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே குறி பார்த்துப் பழகிவிட்டோம், இங்கே கோடு நன்றாகத் தெரிவது நிற்கும்போதுதான்.

குனிந்த பிறகு "கொஞ்சம் மெல்லிசாகப் படணுமோ" என்று தோன்றினால் தயவுசெய்து எழுந்துவிடுங்கள். உடம்பு பழைய கோட்டில் நிற்கிறது, கை மட்டும் புதுக் கோட்டுக்குத் திரும்புகிறது, கியூ கோணலாகப் போய் வெள்ளைப் பந்தின் ஓரத்தில் படுகிறது. பந்தின் விட்டம் 2.25 அங்குலம், போட்டி மேசையில் மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 4.5 அங்குலம், அதாவது இரண்டு பந்து ஒட்டி நிற்கும் அளவுதான், நீளமான ஷாட்டில் ஒரு நூல் பிசகினாலும் அது தாங்காது.

கடைசியாகக் கண் ஊன்றும் அந்த நேரத்துக்கு ஜோன் விக்கர்ஸ் என்ற கனடிய ஆய்வாளர் 'குவைட் ஐ', அமைதியான பார்வை என்று பெயர் வைத்தார். 2002இல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து வந்த ஓர் ஆய்விலும், தேர்ந்தவர்களின் பார்வை அடிக்கு முன் அதிக நேரம் ஓரிடத்தில் நின்றது. அலிசன் ஃபிஷர் ஆடுவதைப் பாருங்கள், பெண்கள் ஸ்னூக்கரில் 7 முறை உலகப் பட்டம், பிறகு ஒன்பதுபந்தில் 4 முறை, கியூவைப் பின்னால் இழுத்து அவர் நிறுத்தும் அந்த இடைவெளியில் எனக்கே மூச்சு சீராகிவிடும்.

சீராக ஆடுவதற்கு நான் செய்யும் பயிற்சி ஒன்றே ஒன்று. மேசை நடுவில் ஒரு பந்து, இரண்டடி பின்னால் வெள்ளை, மூலைக்கு நேர்கோடு, ஸ்டாப் ஷாட், பத்து முறை. பந்து விழுந்தால் மட்டும் கணக்கில்லை, வெள்ளை மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பம்பரம் மாதிரி சுற்றினால் நடுவில் அடிக்கவில்லை என்று அர்த்தம், அது உங்களிடம் பொய் சொல்லாது. முதல் நாள் பத்துக்கு நாலு எழுதினேன், மூன்று வாரம் கழித்து ஏழு, எட்டு வருகிறது. அவசரமாக ஆடிய நாளெல்லாம் நோட்டில் அப்படியே தெரிகிறது.

எதிராளி ஆடும்போது போனைத் தொடாதீர்கள், அவர் வெள்ளைப் பந்து போகும் பாதையைப் பாருங்கள், மேசைத் துணி வேகமா மந்தமா என்று உங்கள் முறை வருவதற்குள் தெரிந்துவிடும்.

சரி, இப்போது பத்தையும் வெட்டாமல் அடித்துக் காட்டுகிறேன். ஒன்று.