கேட் உடைந்தால் ரயில் ஏன் நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் பொன்பாடியைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து, ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாத வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வந்துவிடும். பிறகு நகரி, ஏகாம்பரகுப்பம், வேப்பகுண்டா, புத்தூர். பள்ளியில் தெலுங்கு படித்துவிட்டு வீட்டில் தமிழ் பேசுகிற இப்பகுதிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த நான், ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வண்டி மோதி உடைந்த கேட்டுகளைச் சரிசெய்வதிலேயே என் பணிக்காலத்தின் பல இரவுகள் கழிந்தன. அதைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள்.

ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு பருவத்தில், நள்ளிரவு கடந்த வேளையில், தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர் ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது; தடுப்புக்கட்டையும் இறங்கத் தொடங்கியிருந்தது. டிராக்டர் தப்பிவிட்டது, ஆனால் பின்னால் வந்த டிரெய்லரின் பழக்குவியல் மேல் கட்டை இறங்க, வண்டி அதை அப்படியே இழுத்துக்கொண்டு போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது தடுப்புக்கட்டையாக இருந்த குழாய் நடுவில் மடங்கி, முனை தார்ச்சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் மாட்டியிருந்த வட்டமான சிவப்புத் தகடு நசுங்கிய பழச்சாற்றில் கிடந்தது. ஓட்டுநர் சின்னப் பையன். "நான் பூந்துட்டேன் சார், டிரெய்லரை மறந்துட்டேன்" என்றான்.

கேட்டை உடைப்பவர்கள் குடித்துவிட்டு வேகமாக வருபவர்கள் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அப்படியும் சிலர் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, தன் வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் மறந்தவர்களே அதிகம். முன்னால் போகும் பேருந்தின் வாலைப் பிடித்துக்கொண்டே நுழைகிற லாரி, கரும்பு இருபுறமும் பிதுங்கி நிற்கிற டிரெய்லர், வைக்கோல் ஏற்றிய வண்டி ஆகியவைதான் திரும்பத் திரும்ப வந்தன. மின்மயமான பாதையில் கேட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய 4.7 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். வைக்கோல் வண்டிக்காரர்கள் அதைத் தங்களுக்கு இடைஞ்சலாக வைத்தது போலத் திட்டுவார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அந்தச் சட்டம் வாங்கும் அடி உங்கள் சுமை வாங்கவேண்டிய அடி.

இனி, கட்டை உடைந்தபின் நடப்பதைச் சொல்கிறேன். இன்டர்லாக்கிங் செய்த, அதாவது பூட்டையும் சிக்னலையும் இணைத்த கேட்டில் இரு கட்டைகளும் இறங்கிப் பூட்டிக்கொண்டால்தான் ரயிலுக்கான சிக்னல் சிவப்பிலிருந்து மாறும். கட்டை வளைந்துவிட்டால் பூட்டு விழாது. பூட்டு விழாதவரை சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். கருவி கெட்டால் ரயில் நிற்கவேண்டுமே தவிர, ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கேட் சிக்னல் கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அங்கே ரயிலோட்டி நின்று, பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருந்து, ஊதல் கொடுத்து, மெல்ல ஊர்ந்து கேட் வரைக்கும் வரவேண்டும்; அங்கே கேட் கீப்பர் சாலையைச் சங்கிலியால் மறித்துவிட்டுக் கையால் சைகை காட்டினால்தான் கடக்கலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில் நின்று ஊர்ந்து மறுபடி வேகமெடுக்க ஆகும் நேரம், பின்னால் வரும் ஒவ்வொரு ரயிலுக்கும் கூடிக்கொண்டே போகும். அந்தத் தொல்லையைக் குறைக்க இப்போது பல கேட்டுகளில் சாலையின் குறுக்கே தள்ளி மூடும் மாற்றுத் தடுப்பு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அதற்கும் பூட்டும் சிக்னலும் இணைந்திருப்பதால் ரயில்கள் பழையபடி ஓடலாம்.

இந்தப் பூட்டின் அருமையை 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் காட்டியது. பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்த அந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை.

"ரயிலே கண்ணில் படவில்லை, எதற்கு இவ்வளவு நேரம் மூடி வைக்கிறார்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முழுவேகத்தில் வரும் ரயில் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டும். ஆகவே கேட் பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி அதற்கும் வெகுமுன்பே சிக்னல் வழியாக ரயிலோட்டிக்குக் கிடைத்தாகவேண்டும். கேட் கீப்பர் தன் விருப்பத்துக்கு மூடுவதில்லை; நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்ல, உறுதிக்காக இருவரும் எண் பரிமாறிக்கொண்ட பிறகு அவர் மூடுகிறார். எங்கள் பாதை இரட்டைப் பாதை என்பதால், ஒரு ரயில் போனதும் எதிர்த்திசை ரயில் நெருங்கியிருந்தால் திறக்க வழியில்லை. இதையெல்லாம் அறியாமல் கேட் கீப்பரை அடிக்கப் போனவர்களும் உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160ஆவது பிரிவு, மூடிய கேட்டை அனுமதியின்றித் திறப்பவருக்கு மூன்று ஆண்டு வரையிலும், உடைப்பவருக்கு ஐந்து ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பயந்து யாரும் உயிரை விட்டுவிடக் கூடாது. நீங்கள் நடுவில் இருக்கும்போது இரண்டு கட்டைகளும் இறங்கிவிட்டால், இறங்கி யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். வண்டி ஓடுகிறதென்றால் எதிரிலுள்ள கட்டையை இடித்துக்கொண்டே வெளியேறுங்கள். வண்டி நின்றுபோனால் எல்லோரும் இறங்கி விலகி, முதலில் கேட் கீப்பரைக் கூப்பிடுங்கள். அவர் சிக்னலைச் சிவப்புக்குத் திருப்புவார். பிறகு ரயில் வரும் திசையில் ஓடி 600 மீட்டரில் ஒரு வெடியும் 1,200 மீட்டரில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தில் வைப்பார்; ரயில் ஏறும்போது வெடித்து, ஓசையால் ரயிலோட்டியை எச்சரிப்பவை அவை. தனி ஆள், இரவு நேரம், ஜல்லிமேல் ஓட்டம் என்பதை எண்ணிப் பாருங்கள். நீங்கள் கூப்பிடுவதில் தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் அவருடைய ஓட்டத்தில்தான் கழியும்.

அந்த மாம்பழ டிராக்டர்ப் பையன் ஓடிவிடவில்லை. உடைந்த பக்கத்தில் சாலையை மறித்த சங்கிலியருகே டார்ச்சைப் பிடித்தபடி நின்று, பின்னால் வந்த வண்டிகளைத் தெலுங்கிலும் தமிழிலும் நிறுத்திக்கொண்டிருந்தான். கேட் கீப்பர் தண்டவாளத்தருகே சைகை விளக்கை ஆட்ட, நாங்கள் புதுக் கட்டையை மாட்டி முடிப்பதற்குள் மூன்று ரயில்கள் ஊர்ந்து கடந்துபோயின.