சந்தைச் சதுக்கமும் கட்சிக் கூடாரங்களும்
(பின்லாந்தின் துர்க்கு நகரில் 2025 பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, பனியைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, என்னைவிடப் பெரிய சால்வையை எனக்குப் போர்த்திய செயலாளர் அவர்களே, நான் எப்போது முடிப்பேன் என்று அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய்மார்களே, வணக்கம்.

பின்லாந்தின் நகர மையங்களையும் கட்சிகளையும் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, ஒரு சொல். இரண்டு, ஒரு நோய். மூன்று, ஹெல்சிங்கியில் தோண்டாமலே போன ஒரு சுரங்கச் சாலை.

முதலில் சொல். 2012 செப்டம்பரில் இங்கே வந்திறங்கினேன். பின்னிஷ் வகுப்பில் கற்ற முதல் பத்துச் சொற்களில் ஒன்று 'கெஸ்குஸ்தா', அதாவது நகர மையம். அக்டோபரில் நகராட்சித் தேர்தல். ஒரு சனிக்கிழமை சந்தைச் சதுக்கத்தில் வழி தெரியாமல் நின்றபோது, ஒரு கூடாரத்தின் மேல் நான்கிலை போட்ட பச்சைப் பலகையில் 'கெஸ்குஸ்தா' என்று எழுதியிருந்தது. தகவல் நிலையம் என்று நினைத்துப் போனேன். ஒரு பெரியவர் காகிதக் கோப்பையில் காப்பி ஊற்றித் தந்தார். "கெஸ்குஸ்தா எங்கே இருக்கிறது?" என்றேன். தன் சட்டையில் குத்தியிருந்த பச்சைச் சின்னத்தைத் தட்டிக் காட்டினார். "அங்கே போக எந்த பஸ்?" என்றேன். இனிப்பு பன் ஒன்றைக் கையில் கொடுத்தார். "நடந்தே போகலாமா?" என்றேன். இரண்டாவது கோப்பை வந்தது! அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது: நான் நிற்பதே நகர மையம், அவர் சொல்வது மையக் கட்சி. அவரோ மாடு வளர்ப்பவர், கிராமத்திலிருந்து வந்திருந்தார்.

அதில் வியப்பில்லை. 1906இல் விவசாயிகளின் கட்சியாகத் தொடங்கி, 1965இல்தான் அது பெயரை மாற்றிக்கொண்டது. இன்றும் அதன் பலம் வயல்வெளியில்தான். பெயரில் இருக்கும் நகர மையத்தில் அதற்கு வாக்கு சொற்பம்.

இனி நோய். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள் நம் பெரியவர்கள். இந்தத் துர்க்குவில் கதை தலைகீழ். 1960களிலும் 70களிலும் வலதுசாரிக் கோகோமுஸ் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் நகர்மன்றத்தில் கைகோத்து நின்றன. பழைய மரவீடுகளும் கல்மாளிகைகளும் இடிந்தன, கட்டடக்காரர்கள் பெட்டி பெட்டியாய்க் குடியிருப்புகளை எழுப்பினார்கள். இதற்கு முன்பே, 1959இல், சதுக்கத்தின் ஓரம் நின்ற ஃபீனிக்ஸ் ஹோட்டலை இடித்திருந்தார்கள். 1972இல் டிராமும் நின்றது. நாடு முழுவதும் இதை இன்றும் 'துர்க்கு நோய்' என்றுதான் சொல்கிறார்கள். ஊர் ஒன்றுபட்டாலும் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தான், பார்ப்பவர்கள் தூங்கினால்!

இந்நாட்டின் இன்னொரு நகரமான தம்பெரேயில் 2021 முதல் டிராம் ஓடுகிறது. இங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் 67 மன்ற உறுப்பினர்கள். அவர்களைத் தீர்மானிப்பவர் யார்? அம்மையார் பொறுத்துக்கொள்ள வேண்டும், நம்மில் பலர் அல்ல. இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும், பின்லாந்துக் குடியுரிமை இல்லாவிட்டாலும் இங்கே தொடர்ந்து இரண்டு ஆண்டு வசித்தால் நகராட்சித் தேர்தலில் வாக்கு உண்டு என்று? கை தூக்குங்கள். ஏழு, எட்டு... போதும். தூக்காதவர்கள்தான் என் கவலை. சந்தையை யார் தோண்டினால் நமக்கென்ன என்று நாம் இருந்தால், ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழியில் நாம் ஊரும் இல்லை, கூத்தாடியும் இல்லை, ஓரத்தில் கிடக்கும் பாய்.

ஏப்ரல் 13 வாக்குப்பதிவு. ஏப்ரல் 2 முதல் 8 வரை முன்கூட்டியே வாக்களிக்கலாம். மடித்த சீட்டுக்குள் ஒரு வட்டம் இருக்கும். வேட்பாளரின் எண்ணை அதில் எழுத வேண்டும், பெயரை அல்ல. எண்கள் 2இலிருந்து தொடங்கும். 1 என்று எழுதிவிட்டு வராதீர்கள், அப்படி யாரும் கிடையாது.

சுரங்கச் சாலையைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 2008இல் ஹெல்சிங்கி மன்றம் அதை வேண்டாம் என்றது, மற்றதை அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம். எண்ணை எப்படி எழுதுவது என்று பழகிப் பார்க்க மாதிரிச் சீட்டும் பென்சிலும் வாசலருகே வைத்திருக்கிறேன். சர்க்கரைப் பொங்கல் வரிசை அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது, ஏற்பாடு என்னுடையது. நன்றி, வணக்கம்.