உலை வாசலைத் திறந்தவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் காலத்தில் உருகிய கண்ணாடியை ஊதி வடிவாக்கும் கலையின் முதல் கை யாருடையது என்று கேட்டால், தயங்காமல் லீனோ தால்யாபியேத்ரா என்பேன். 1934ல் வெனிஸுக்குப் பக்கத்தில் முரானோ தீவில் பிறந்தவர். 12 வயது நிரம்புமுன் கண்ணாடி ஆசான் ஆர்க்கிமேதே செகூசோவின் உலைக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, இருபதுகளின் தொடக்கத்திலேயே ‘மாயெஸ்ட்ரோ’, அதாவது தலைமை ஆசான், ஆனவர்.

அந்தத் தீவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1291ல் வெனிஸ் அரசு, தீ விபத்துக்கு அஞ்சி உலைகளை முரானோவுக்கு மாற்றியது. தொழில் தெரிந்தவன் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று பிறகு சட்டமும் போட்டது. சட்டம் என்றோ ஒழிந்தது, வித்தை வெளியே போகக்கூடாது என்ற மனத்தடை ஒழியவில்லை.

அமெரிக்காவிலோ 1962ல்தான், டொலீடோவில் ஹார்வி லிட்டில்டன் சின்ன உலை மூட்டி, தொழிற்சாலை இல்லாமலே கலைஞன் கண்ணாடி ஊதலாம் என்று காட்டினார். இளைஞர்களுக்கு ஆர்வமும் துணிச்சலும் இருந்தன, கைப்பழக்கம் இல்லை. 1979ல் லீனோ சியாட்டிலுக்கு வடக்கே, காட்டுக்குள் இருக்கும் பில்சக் கண்ணாடிக் கலைப் பள்ளிக்குப் போனார். ஆங்கிலம் சரியாக வராது. கையே பாடம் நடத்தியது.

என்ன பாடம்? ‘இன்கால்மோ’வைப் பாருங்கள். வெவ்வேறு நிறத்தில் இரண்டு குமிழ்கள் ஊதி, இரண்டின் வாயையும் ஒரே அளவுக்கு விரித்து, சூடு ஆறுமுன் விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் போச்சு. ‘ரெத்திச்செல்லோ’ இன்னும் கடினம். கோடுகள் ஓடும் ஒரு குமிழை வலப்பக்கமும் இன்னொன்றை இடப்பக்கமும் முறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றை ஊதினால் வலை விழும். ஒவ்வொரு கண்ணியிலும் துளிக் காற்று அடைபட்டு நிற்கும்.

தலைமுறைகள் பொத்திவைத்த இந்த வித்தையை அவர் எல்லோருக்கும் செய்து காட்டினார். தீவில் பலர் மனம் கசந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அது அவர்கள் சோறு. ஆனாலும் லீனோ செய்ததே சரி. அவர் கொடுத்தது மட்டுமில்லை, வாங்கியும் கொண்டார். தொழிற்சாலைப் பொருள்களில் பழகிய கை, தனக்கென்று வடிவம் தேடத் துணிந்தது அந்த அமெரிக்க உறவில்தான். 1990 வாக்கில் தனிக் கலைஞரானார். கூரையிலிருந்து கண்ணாடி ஓடங்கள் கூட்டமாகத் தொங்கும் ‘எண்டெவர்’ அப்படி வந்த படைப்பு.

1988ல் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி தம் ‘வெனீஷியன்ஸ்’ வரிசையைத் தொடங்கியபோது ஊதிக் கொடுத்தவர் லீனோ. இன்னொரு அமெரிக்கக் கலைஞர் டான்டே மரியோனியின் நெடிய ஜாடிகளில் லீனோ தந்த பயிற்சி தெரியும். எனக்குப் பிடித்தவர் பிரெஸ்டன் சிங்கிள்டரி. அலாஸ்காவின் டிலிங்கிட் பழங்குடி வழிவந்தவர், லீனோவிடம் பார்த்துப் பழகியவர். தம் முன்னோர் மரத்தில் செதுக்கிய அண்டங்காக்கையை இன்று அவர் கண்ணாடியில் ஊதி, மணல் பீச்சிச் செதுக்குகிறார். உலையை ஊருக்குள் பூட்டிவைத்த முரானோவின் பழைய ஆசான்கள் கனவிலும் காணாத பறவை அது.