கல்லில் எழுதிய மாமனார்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு குன்றின்மேல் பழைய இடுகாடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ஹவ்லண்டின் வழிவந்தவர்கள் தங்கள் மூதாதைக்கு அங்கே ஒரு கல் நட்டார்கள். அவர் பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகளை மணந்தவர் என்று அதில் பொறித்தார்கள். கல்மேல் எழுத்தாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் அது தவறு. பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுநர் வீட்டுச் சம்பந்தம் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை, தலைமுறை தலைமுறையாக ஊறிச் செய்தியாகிவிட்டது, அவ்வளவுதான்.

யார் இந்த ஹவ்லண்ட்? 1620இல் இங்கிலாந்திலிருந்து பிளிமத்தில் குடியேற மேஃபிளவர் என்ற கப்பலில் வந்த 102 பயணிகளில் ஒருவர். கார்வரிடம் பணியாளாக வந்த இளைஞர். நடுக்கடலில் புயல். கப்பலின் கீழ்த்தளத்தில் அடைந்து கிடந்தவர் என்ன நினைத்தாரோ, மேலே ஏறி வந்தார். கப்பல் ஒரு புறமாகச் சாய, கடலில் விழுந்தார். பாயை ஏற்றியிறக்கும் கயிறு ஒன்று தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தவர் பல ஆள் ஆழத்துக்கு அமிழ்ந்தும் பிடியை விடவில்லை. மேலே இழுத்து, கொக்கியால் மாட்டிக் கப்பலில் சேர்த்தார்கள். இன்று அமெரிக்காவில் பெருங்கூட்டமாக இருக்கும் அவருடைய சந்ததி, புஷ் குடும்பத்து இரண்டு குடியரசுத் தலைவர்கள் உட்பட, அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

இதை எழுதி வைத்தவர் கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட். அவருடைய கையெழுத்துப் பிரதி பாஸ்டனில் ஒரு தேவாலய நூலகத்தில் இருந்தது. அமெரிக்கப் புரட்சிக் காலக் குழப்பத்தில் காணாமல் போனது. 1855இல் லண்டன் பேராயரின் ஃபுல்லம் மாளிகை நூலகத்தில் அகப்பட்டது. மறு ஆண்டு அச்சேறியது. 1897இல்தான் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது.

அதன் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பிராட்ஃபோர்ட் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்த நூலின் மற்றப் பக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்தப் பட்டியல்தான் உருக்கமானது. அதில் ஒரு வரி: ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை, பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு. ஆளுநர் மாமனார் அந்த ஒரு வரியில் காணாமல் போனார். பிற்பாடு வந்த கல்லறைக் கல்லில் டில்லியின் பெயர் இருக்கிறது.

யார் இந்த எலிசபெத்? இங்கிலாந்தின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் 1607 ஆகஸ்டில் அவளுடைய ஞானஸ்நானம் பதிவாகியிருக்கிறது. கப்பலேறும்போது வயது பதின்மூன்று. முதல் குளிர்காலம் வந்தவர்களில் பாதிப் பேரைக் கொண்டுபோனது. தாய், தகப்பன், கூட வந்த சிற்றப்பா, சிற்றன்னை எல்லோரும் போனார்கள். ஆளுநர் மகளைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வாய்த்த பாட்டி, இந்த அநாதைச் சிறுமி. எனக்கு இவள்தான் பெருமை.

தங்கள் மூதாதையரைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடம் இன்னொன்றும் உண்டு. ஹவ்லண்ட் என்ற பெயர் இருந்தாலே மேஃபிளவர் வம்சம் ஆகிவிடாது. ஜானின் தம்பிமார் ஆர்தரும் ஹென்றியும் பின்னால் வேறு கப்பல்களில் வந்தவர்கள். அவர்களுக்கும் பெரிய வம்சம் உண்டு. ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து இறங்காமல், உங்கள் தாத்தாவிலிருந்து ஒவ்வொரு படியாக, பிறப்பு, திருமணம், இறப்புக்குக் காகிதம் கேட்டுக்கொண்டே மேலே ஏற வேண்டும். தேதியிலும் கவனம் வேண்டும். ஜான் இறந்தது 1672/73 பிப்ரவரி 23 என்று இரட்டை ஆண்டாக எழுதுவார்கள். 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25 என்பதால் வந்த வினை: அந்தப் பிப்ரவரி அவர்கள் கணக்கில் 1672, நம் கணக்கில் 1673. இது தெரியாமல் ஓராண்டு தவறவிட்டவர்கள் பலர்.

எலிசபெத் 1687 டிசம்பரில் மகள் லிடியாவின் வீட்டில் இறந்தாள். எண்பது வயது. அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய உயில் இருக்கிறது. நிலபுலன் என்று பெரிதாக இல்லை. தன்னை வைத்துப் பார்த்த லிடியாவுக்கு இறகு மெத்தை, இரண்டு தலையணை, மூன்று கம்பளிகள், சிறிய பித்தளைப் பானை, சிறிய பைபிள், பச்சை நிறத்தில் ஒரு விரிப்பு. அதைத் தரையில் போடும் கம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது கட்டிலின்மேல் போர்த்துவது, குளிருக்கு.