காற்று எந்தப் பக்கம்? – பாய்மரப் படகோட்டத்தின் முதல் பாடங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பாய்மரப் படகு ஓட்டக் கற்க வந்திருக்கும் இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். படகைச் செலுத்தும் நுட்பமும், கடலில் ஒருவருக்கொருவர் வழிவிடும் சட்டமும் வெவ்வேறு பாடங்கள் அல்ல. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்னும் ஒரே கேள்வியிலிருந்தே இரண்டும் தொடங்குகின்றன.

சென்னையில் கோடைக் காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும். வெயில் ஏறியபின், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, கடற்காற்று உள்ளே புகுந்து கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசத் தொடங்கும். காலை மேல்காற்றில் படகை இறக்கும் புதியவர், சிரமமே இல்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதைத் தம் திறமை என்று எண்ணிக்கொள்வார்; திரும்பி வரும்போதுதான் அந்தக் காற்று முழுவதும் முகத்துக்கு நேரே நிற்பது தெரியும். ஆகவே படகில் ஏறுமுன் கொடியையும் நீர்ப்பரப்பில் ஓடும் சிற்றலைகளையும் பார்த்துக் காற்றின் திசையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்து ஓடாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் படகின் முகத்தைத் திருப்பினால் பாய் படபடத்து, படகு நின்றுவிடும். அந்த எல்லைக்கு வெளியே, வளைந்த பாயின்மேல் தவழ்ந்து செல்லும் காற்று படகை இழுக்கிறது. நீருக்குள் இறக்கிய நடுப்பலகை படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்து படகை முன்னே செலுத்துகின்றன. எனவே காற்று வரும் திசையில் உள்ள இடத்தை அடைய, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஏற வேண்டும்.

பாயை எவ்வளவு இழுப்பது என்பதே புதியவரின் பெரிய ஐயம். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் போன்ற படகுகளில், பாயின் முன்விளிம்பை ஒட்டி இருபக்கமும் சிறு கம்பளி நூல்களைக் கட்டியிருப்பார்கள். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது. காற்று படும் பக்கத்து நூல் துள்ளினால் கயிற்றைச் சற்று இழுங்கள். மறுபக்கத்து நூல் துள்ளினால் பாயை அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள், கொஞ்சம் தளர்த்துங்கள். அந்த நூல்களைவிட நேர்மையான ஆசிரியர் படகில் வேறு எவருமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

படகின் முகம் காற்றைக் கடந்து திரும்புவதை டாக்கிங் என்கிறோம். சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கமாகத் தள்ளி, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பான பூமுக்கு அடியில் குனிந்து, எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும். படகின் பின்புறம் காற்றைக் கடப்பது ஜைபிங். இதில் பூம் ஒரே வீச்சில் மறுபக்கம் பாய்வதால் தலையில் அடிபடலாம். பலத்த காற்றில் ஜைப் செய்யத் தயக்கமாக இருந்தால், சுற்றிவந்து டாக் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

இனி விதிகளுக்கு வருவோம். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் உருவாக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 12ஆம் விதி பாய்மரப் படகுகளுக்கு உரியது. இரு படகுகள் வெவ்வேறு பக்கத்தில் காற்றை வாங்கிக்கொண்டு நெருங்கினால், இடப்பக்கம் காற்று வாங்குபவர் வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கத்தில் காற்று என்றால், காற்றுக்கு மேற்புறம், அதாவது காற்று வரும் பக்கம் இருப்பவர், கீழ்ப்புறம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த விதிகள் யாருக்கும் உரிமையைத் தரவில்லை; கடமைகளையே பங்கிட்டுத் தருகின்றன. வழிவிடுபவர் முன்கூட்டியே, எதிரே வருபவருக்குத் தெளிவாகத் தெரியும்படி திரும்ப வேண்டும். மற்றவரோ தம் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். அவர் மரியாதைக்காகத் திரும்பினால்கூட வழிவிடுபவரின் கணக்கு பிழைத்து, இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து மோத நேரிடும். எனினும் வழிவிட வேண்டியவர் தம் கடமையைச் செய்யவில்லை என்று தெரிந்தால் இவரும் விலகலாம். வழிவிட வேண்டியவர் மட்டும் திரும்பி மோதலைத் தவிர்க்க முடியாது என்ற கட்டத்தில் இவரும் விலகியே தீர வேண்டும். மோதல் வருமா என்பதை அறிய, எதிரே வரும் படகைத் திசைகாட்டியில் தொடர்ந்து பாருங்கள். அது நெருங்க நெருங்க அதன் திசைக்கோணம் மாறாமலே இருந்தால் ஆபத்து உறுதி.

எஞ்சின் படகுகள் பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பாயோடு எஞ்சினையும் இயக்கினால் நீங்களும் எஞ்சின் படகுதான். முந்திச் செல்பவர் யாராயினும் அவரே ஒதுங்க வேண்டும். நம் கரையோரத்தில் இன்றியமையாதது, வலையோ தூண்டில் கயிறோ இறக்கி, எளிதில் திரும்ப முடியாத நிலையில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுகளுக்குப் பாய்மரப் படகு வழிவிட வேண்டும் என்பது. அவர்கள் பிழைப்புக்கு நடுவே நாம் விளையாட்டாகப் போகிறோம். வலையின் மிதவைகளையும் தேடிப் பார்த்து, தாராளமாக விலகிச் செல்லுங்கள்.

துறைமுகக் கால்வாயில் மிதவைகளை அறிந்திருங்கள்: கடலிலிருந்து உள்ளே நுழையும்போது இந்தியாவில் சிவப்பு இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் இருக்க வேண்டும். அந்தக் கால்வாயை விட்டால் வேறு வழியில்லாத பெரிய கப்பலுக்குப் பாய்மரப் படகு இடையூறாக நிற்கக் கூடாது என்பதும் சட்டமே. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அதன் முகத்துக்கு மிக அருகே வந்துவிட்ட சிறு படகு கண்ணில் படாமலே போகலாம். கண்டாலும் அவரால் உடனே நிறுத்த இயலாது. ஆகையால் கப்பல் வருவது தெரிந்ததும் கால்வாய்க்கு வெளியே காத்திருந்து, அது கடந்துபோன பின்னரே குறுக்கே செல்லுங்கள்.